மரத்துப்பாக்கி குறி சொல்லுமா? பதினாறு கிலோமீட்டர் போய்ப் பார்த்த கதை

திருவண்ணாமலை நகரத்துக்கும் அதன் சுற்றுவட்டாரப் பட்டிதொட்டிகளுக்கும், கடந்த சனிக்கிழமை காலை 5.20 மணிக்கு நிகழ்ந்த ஒரு பெருஞ்சம்பவத்தைக் கனத்த இதயத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்: என் இடது பூட்ஸின் நாடா அறுந்துவிட்டது. அன்னாருக்கு வயது ஒன்றரை. வலது பூட்ஸில் ஓர் உடன்பிறப்பு இருக்கிறார். இறுதிச் சடங்குக்கு நேரம் இல்லாததால், அப்பாவின் பழைய பைஜாமாவிலிருந்து உருவிய கயிற்றை அந்த வேலையில் அமர்த்திவிட்டுத் தெருவில் ஓடினேன். கயிறு மஞ்சள் நிறம். காக்கி உடுப்புக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

எழுதுகிறவன் ஏகாம்பரம், பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. இது நம் பள்ளி மாணவர் படையின் கையெழுத்துப் பத்திரிகைக்காக எழுதப்படுகிறது. திங்கள்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் பலகையில் குத்தப்படும். 1984 தை மாதக் கடைசியில் நாங்கள் பன்னிரண்டு பேர் சுடுதளத்துக்குப் போய்வந்தோம். அடுத்த வருஷம் நீங்கள் போகப்போகிறீர்கள், ஒன்பதாம் வகுப்புக் கண்மணிகளே. எத்தனை மணிக்குப் பஸ், எங்கே தண்ணீர், எதைத் தின்னக் கூடாது என்பதெல்லாம் தெரிந்துகொள்ளுங்கள். மரத்துப்பாக்கியில் ஐம்பதுக்கு ஐம்பது, அதுவும் மூன்று தடவை, வாங்கியவன் சொல்கிறேன். (இதை இன்னும் நாலைந்து இடத்தில் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சுடுதளத்தில் ஒரு மாணவனுக்கு வருஷத்துக்கு ஐந்து தோட்டாதான். மூன்றாவது போகும்போதுதான் துப்பாக்கிக் கட்டையைத் தோளில் எங்கே வைப்பது என்றே புரியும். ஐந்தாவது போனதும் எழுந்திரு என்பார்கள். அதனால் என் பக்கத்து பெஞ்சு தாமு, அதாவது தாமோதரன், போன ஆடியிலிருந்து ஒரு வேலையில் இறங்கினான். அவன் அப்பாவுக்குத் தேரடித் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை. உடைந்த பெஞ்சுக் கட்டையில் துப்பாக்கி செதுக்கினான். குழாய்க்குள் டார்ச் பல்பும் ஒரு சின்னக் கண்ணாடி வில்லையும் வைத்தான். சைக்கிள் பிரேக் கம்பியில் விசை செய்தான். விளையாட்டுச் சாமான் அறையின் ஜன்னலைச் சாக்கால் மூடி, தரையில் படுத்து விசையை இழுத்தால், எதிர்ச் சுவரில் ஒட்டிய வட்டப் படத்தின் மேல் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்து மறையும். அது விழுந்த இடத்தில் தாமு பென்சிலால் புள்ளி வைப்பான். நடு வட்டம் பத்து மார்க். ஐந்து தடவை இழுத்தால் ஐம்பது.

இதில் எனக்கும் அவனுக்கும் ஒரு பெரிய சண்டை. துப்பாக்கிக்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்க வேண்டும், விசை இழுக்கும்போது பொட்டு வெடி வெடிக்க வேண்டும், புகை வர வேண்டும் என்பது என் கட்சி.

“பார்த்தா துப்பாக்கி மாதிரியே இருக்கணும்டா. அப்பதான் அங்க போனா பயம் வராது.”

“கண்ணுக்கு எப்படி இருந்தா இன்னா? விரலுக்குத் துப்பாக்கி மாதிரி இருந்தா போதும்,” என்பான் தாமு.

பரேடு நாளில் நிஜத் துப்பாக்கி வரும்போது, மளிகைக் கடையிலிருந்து எடைக்கற்களைக் கடன் வாங்கிவந்து, ஒவ்வொன்றாக விசையில் தொங்கவிட்டுப் பார்த்தான். இரண்டு கிலோவுக்கு மேல் நூறு கிராம் வைத்ததும் விசை விழுந்தது. தன் பிரேக் கம்பியும் அதே எடைக்கு விழுகிற வரை பதினேழு ஸ்பிரிங் மாற்றினான். பெயிண்ட் அடிக்கவே இல்லை. பார்க்க அது கஞ்சி கிண்டுகிற துடுப்பு மாதிரிதான் இன்றும் இருக்கிறது.

எங்களுக்குப் பயிற்சி தருகிற ஹவில்தார் ஐயா இதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அவர் தூத்துக்குடிக்காரர், பட்டாளத்தில் பதினெட்டு வருஷம். “இதுல நல்லாச் சுடுதவன் அங்கயும் நல்லாச் சுடுவானாலே? அத மொதல்ல சொல்லு. சொல்லிட்டா, அடுத்த வருஷத்துல இருந்து இது யாரைக் காட்டுதோ அவங்களுக்கு மட்டும் ஆளுக்குப் பத்துத் தோட்டா குடுத்து அனுப்புவேன். தப்பாச் சொல்லிட்டா, நல்ல பிள்ளை ஒருத்தன் வீட்டோட நின்னுருவான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

ஆக, குறி பார்க்கப் பழக்குகிற சாமான் இப்போது குறி சொல்லவும் வேண்டும். எங்கள் படை அதிகாரியும் கணக்கு வாத்தியாருமான அரங்கநாதன் சார் முறை வகுத்தார். பன்னிரண்டு பேரும் ஆளுக்கு மூன்று தடவை மரத்துப்பாக்கியில் சுடுவது. சராசரி எடுத்து வரிசையாகப் பட்டியல் போட்டு உறையில் வைத்து ஒட்டுவது. பிறகு சுடுதளத்தில் நிஜமாகச் சுட்டு, இரண்டையும் ஒப்பிடுவது. உறைக்குள் முதல் பெயர் யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை. சொல்கிறேன்: ஏகாம்பரம், 50. அடுத்தவன் ஏழுமலை, 44.

எனக்கு இது விளையாட்டு. தாமுவுக்கு அப்படி இல்லை. அரையாண்டுப் பரீட்சையில் இங்கிலீஷில் ஃபெயிலாகிவிட்டான். அவன் நைனா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: இந்தக் கட்டை உருப்படியாக ஏதாவது சாதித்தால் பதினொன்றாவது படிக்கலாம், இல்லாவிட்டால் முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் வேலூரில் மாமா ஒர்க்‌ஷாப். மரத்துப்பாக்கி சரியாகச் சொன்னால் தானே கடைக்கு வந்து நைனாவிடம் பேசுவதாக ஹவில்தார் ஐயா ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஒர்க்‌ஷாப் விஷயத்தைத் தாமு என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, ஐயாவிடம்கூட. ஸ்பிரிங் மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தான்.

இனி பயணம். காலை 5.45-க்குப் பள்ளி வாசல். பெரிய கோபுரத்து விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது, மலைக்கு இடுப்பு வரை பனி. பஸ் ஸ்டாண்டுக்கு நடை பதினைந்து நிமிஷம். அங்கே இட்லி ஒன்று 25 காசு, டீ 40 காசு. நான்கு இட்லிக்கு மேல் வேண்டாம். கவிழ்ந்து படுத்துச் சுடும்போது ஐந்தாவது இட்லி தன் கருத்தைச் சொல்லும். செங்கம் போகிற பஸ் 6.15-க்கு. ஏரிக்கரை ஸ்டாப்புக்குப் பதினாறு கிலோமீட்டர், டிக்கெட் 1 ரூபாய் 40 காசு. இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், புழுதி ஜாஸ்தி.

மரத்துப்பாக்கியைச் சாக்கில் சுற்றித் தாமு மடியில் வைத்திருந்தான். சுடுவதற்கு முன்னால் விசையை நாலு தடவை இழுத்து விரலைப் பழக்கிக்கொள்ளலாம் என்று எடுத்துவந்திருந்தோம். கண்டக்டர் வந்தார்.

“இன்னா தம்பி அது, சாக்குல?”

தாமு வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: “துப்பாக்கிங்க.”

முன்சீட்டு அம்மா கோழிக் கூடையை மடியோடு இழுத்துக்கொண்டார்.

“இன்னாது?”

“மரத்துப்பாக்கிங்க. சுடாது. யார் நல்லாச் சுடுவாங்கன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லும்.”

“அப்படியா? எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம்னு கேட்டுச் சொல்லு. அது சொல்ற வரைக்கும் அதுக்கு லக்கேஜ் எடு.”

ஐம்பது காசு. வாய்க்கொழுப்புக்கான அந்தச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம் போகிறவர்கள் ‘விளக்குமாறு’ என்று சொல்லிவிடுங்கள்.

ஆசிரமத்து ஸ்டாப்பில் ஒரு வெள்ளைக்காரர் நாலு முழ வேட்டியோடு ஏறினார். எங்கள் காக்கியைப் பார்த்துக் கைகூப்பினார். நாங்கள் பன்னிரண்டு பேரும் சல்யூட் அடித்தோம். அவரும் திருப்பி அடித்தார், எங்களைவிட ஒழுங்காக. அடி அண்ணாமலைக்குத் திரும்புகிற முனையில் இறங்கிப் போய்விட்டார். இல்லாவிட்டால் கையோடு சுடுதளத்துக்கே கூட்டிப்போயிருப்பேன்.

6.55-க்கு இறங்கினோம். அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் நடை, முப்பத்தைந்து நிமிஷம், வயல் வரப்பு. வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தாங்க.

“எங்கப்பா போவுது பட்டாளம்?”

“சண்டைக்குங்கக்கா.”

“சண்டைக்கா? பைஜாமா கயிறு கட்டிக்கினா?” என்று என் காலைக் காட்டிச் சிரித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பிடி பச்சை மல்லாட்டை கொடுத்தாங்க. வாங்குங்கள், நன்றி சொல்லுங்கள், திரும்பி வரும்போது தின்னுங்கள். போகும்போது தின்றால் என்ன ஆகும் என்பதை ஏழுமலையிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளவும்.

சுடுதளம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு பாறைக் குன்று. அதற்கு முன்னால் ஆளுயர மண்மேடு, அதில் வட்டப் படங்கள். இருபத்தைந்து கஜம் தள்ளி, தரையில் நான்கு ஜமுக்காளம். இரண்டு மூலையிலும் சிவப்புக் கொடி. ஒரு தகரக் கொட்டகை. குடிக்கத் தண்ணீர் இல்லை; ஏரிக்கரைக் கிணற்றிலேயே நிரப்பிக்கொண்டு போய்விடுங்கள். மண்மேடு மேற்கே இருப்பதால் காலை வெயில் முதுகில் விழும், குறி தெளிவாகத் தெரியும்.

முதல் நால்வர் போய்ப் படுத்தோம். இங்கேதான் எந்தப் பட்டாளத்துப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று நடந்தது.

படுத்துச் சுடும்போது உடம்பு நேராக இருக்கக் கூடாது, கால் இரண்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது முதல் பாடம். பள்ளி அறையில் நூறு தடவை அப்படித்தான் படுத்திருக்கிறோம். இங்கே படுத்துவிட்டு, ஏழுமலை தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான். பனி விலகியிருந்தது. எங்கள் கால்கள் நீட்டியிருந்த திசையில், தொலைவில், தோள் அகலத்தைக் காட்டிக்கொண்டு அண்ணாமலை நின்றது.

ஏழுமலை சடாரென்று காலை வலப்பக்கம் இழுத்துக்கொண்டான். அவனைப் பார்த்து நான். என்னைப் பார்த்து மற்றவர்கள். குருக்கள் வீட்டுச் சுந்தரேசன் என்ன செய்கிறான் என்று எல்லாரும் பார்த்தோம். அவன் காலை எங்களைவிட ஒரு சாண் அதிகமாகத் திருப்பி, ஏறக்குறைய வளையல் மாதிரி கிடந்தான்.

“ஏலே! என்ன நண்டு மாதிரி கெடக்கீங்க? கால இடப்பக்கம் போடுங்கலே!” ஹவில்தார் ஐயா கத்தினார்.

“ஐயா, அங்க மலைங்க,” என்றான் ஏழுமலை.

“மலைதானலே? அதுவா எந்திரிச்சு வரப்போவுது?”

“அண்ணாமலைங்க ஐயா. கால் நீட்டக் கூடாதுங்க.”

ஹவில்தார் ஐயா திரும்பி மலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. “எங்கூர்ல கடலு. அதுல கால வச்சுத்தான் எறங்கணும். வேற வழியில்ல.” பிறகு அரங்கநாதன் சாரிடம், “சார், மண்மேட்டத் திருப்ப முடியாது. பிள்ளைகளையும் திருப்ப முடியாது போலிருக்கு. சுடட்டும்,” என்றார்.

பன்னிரண்டு பேரும் நண்டு மாதிரியே சுட்டோம். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை: முதல் தோட்டாவுக்குத் தூக்கிப்போட்டது, இரண்டாவதுக்கு இல்லை, மூன்றாவதில் மறந்தே போனோம். பெயிண்ட் இல்லை, புகை இல்லை, வெடி இல்லை என்று யாரும் அங்கே தடுமாறவில்லை. விசை மட்டும் எல்லாருக்கும் பழகிய விசையாகவே இருந்தது. அந்தச் சண்டையில் தாமு ஜெயித்தான் என்று இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். எங்களை வளைத்தது எங்கள் கால்தான். அதை நாங்கள் யாருமே முன்கூட்டி யோசிக்கவில்லை.

10.30-க்குப் படங்களைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். உறை பிரிக்கப்பட்டது. சார் படிக்கப் படிக்க ஹவில்தார் ஐயாவின் மீசை கீழே போய்க்கொண்டிருந்தது. ஏழுமலை: அங்கே 44, இங்கே 35. சுந்தரேசன்: 41, இங்கே 30. தாமு: 38, இங்கே 29. கடைசிப் பெயர் குமரேசன்: 22, இங்கே 13.

“ஏகாம்பரம்: அங்கே 50.” சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “இங்கே 12.”

“எவ்வளவு?” என்றார் ஹவில்தார் ஐயா.

“பன்னெண்டு.”

பத்துப் பேர் சிரித்தார்கள். தாமு சிரிக்கவில்லை. நான் உடனே காரணங்களை அடுக்கினேன். மேற்கிலிருந்து காற்று, எனக்குக் கொடுத்த துப்பாக்கியின் முனை கோணல், மலை, மல்லாட்டை. ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியவனுக்கு ஏதாவது காரணம் இருந்துதானே ஆக வேண்டும்?

“அப்ப இது ஒண்ணுக்கும் ஆகாது,” என்றார் ஹவில்தார் ஐயா. “ஒருத்தன் மார்க்கும் அது சொன்ன மாதிரி வரல. முதல்ல நிக்கவேண்டியவன் கடைசில நிக்கான்.”

தாமு இரண்டு பட்டியலையும் வாங்கி மணலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மண்டி போட்டுக்கொண்டான். “ஐயா, ஒரு நிமிஷங்க. மார்க் எல்லாருக்கும் கம்மியாயிடுச்சு, சரிங்க. எவ்ளோ கம்மின்னு பாருங்க. ஒம்போது, பதினொண்ணு, ஒம்போது, பத்து, ஒம்போது… கால் கோணலா வெச்சதுக்கு எல்லாருக்கும் ஒரே அபராதங்க. ஆனா யாருக்குப் பின்னாடி யாருன்னு பாத்தா, ஒருத்தன்கூட மாறல.”

சாரின் முகம் மலர்ந்தது. “மார்க் விழுந்திருக்கு. வரிசை விழல.”

“ஒருத்தன் மாறியிருக்கானே,” என்று ஹவில்தார் ஐயா என்னைக் காட்டினார். “முப்பத்தெட்டு மார்க் எங்கலே போச்சு? மத்தவன்லாம் பத்து தொலைச்சா இவன் மட்டும் ஏன் மூட்டையையே தொலைச்சான்? இவன மாதிரி அடுத்த வருஷம் எத்தன பேர் வருவான்? அது ஏன்னு தெரியாம நான் எப்படி நம்புவேன்? தாமோதரா, திங்கக்கிழமை வரைக்கும் நேரம். ஏன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. இல்லனா கட்டையப் பிரிச்சுப் போட்டுட்டுப் படிக்கிற வேலையப் பாரு.”

படிக்கிற வேலையா, மாமா ஒர்க்‌ஷாப் வேலையா என்பது அங்கே இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

11.40-க்குக் கிளம்பினோம். ஏரிக்கரையில் 12.30 பஸ் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், 1.10-க்குத்தான் வந்தது. திரும்பும்போது லக்கேஜ் கேட்கவில்லை. தாமு என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

“உன் புள்ளி எல்லாம் நான்தானே ஏகா வெச்சேன். பதினஞ்சும் நடுவட்டம். நான் தப்பா வெக்கல. அப்ப எங்க கோளாறு?”

“காத்துடா.”

“உனக்கு மட்டுமா அடிச்சுது?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் புழுதியை ரசித்தேன்.

“வில்லை நகந்திருக்குமோ? நீ சுடும்போது மட்டும் ஏதாவது லூசா இருந்திருக்குமோ?” அவன் சாக்கைப் பிரித்து, பொறுமையாக ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். “பரவால்ல. திங்கக்கிழமை சார் முன்னாடி முழுசாப் பிரிச்சுக் கொட்டிடறேன். ஆறு மாசம் ஆனா இன்னா, இருக்கிற கோளாறு கிடைச்சுத்தான் ஆவணும்.”

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி 1.50. ஆளுக்குச் செலவு இட்லி, டீ, போகவர பஸ் எல்லாம் சேர்த்து 4 ரூபாய் 20 காசு.

அடுத்த வருஷம் போகிறவர்களுக்கு மிச்சமிருக்கும் புத்திமதிகள். முழங்கைக்கு ஒரு பழைய துணி எடுத்துப் போங்கள், ஜமுக்காளத்துக்கு அடியில் சரளைக் கல். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். படுப்பதற்கு முன் மலையைப் பார்த்துத் திரும்பி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, செய்யப்போகிற தப்புக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் காலை இடப்பக்கமே போடுங்கள். முடியாது என்பவர்களுக்குச் சுந்தரேசன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான்: மரத்துப்பாக்கியைப் பள்ளி அறையில் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டால், இங்கேயும் கால் மலைப் பக்கம் வரும், அந்தக் கூச்சத்தோடேயே பழகிவிடலாம். வெடிச் சத்தத்தைவிட நமக்கு அதுதான் பழக வேண்டியது. வேறு ஊர்ப் படைக்கு வேறு எதுவோ இருக்கும். அது என்ன என்று கண்டுபிடித்துவிட்டால், எந்தப் பயிற்சிச் சாமான் உதவும், எது உதவாது என்று பாதி சொல்லிவிடலாம் என்பது இந்தப் பயணத்தில் நான் கற்றது.

மீதிப் பாதியை ஞாயிற்றுக்கிழமை கற்றேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

தாமு, நீ பிரேயருக்கு முன்னால் இதைப் படித்துக்கொண்டிருந்தால், சாக்கை அவிழ்க்காதே. முதலில் கடைசிவரை படி.

அந்த அறைத் தரையில் சுவரிலிருந்து எட்டாவது கடப்பைக்கல்லின் மூலை உடைந்து ஒரு குழி இருக்கிறது. என் இடது முழங்கை அதில் அச்சாக உட்காரும். வலது முழங்கைக்கு, யாரும் பார்க்காதபோது, ஆணியால் ஒரு கோடு கிழித்து வைத்தேன். கட்டையில் கன்னம் படுகிற இடத்தில் ஒரு முடிச்சு. அதில் தாடையை வைத்தால் குழாய் நேராக நடுவட்டத்துக்குப் போகும். ஒரு வாரம் அளந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் நான் குறியே பார்க்கவில்லை. குழி, கோடு, முடிச்சு, விசை. அவ்வளவுதான். உங்களை எல்லாம் ஏமாற்றி முதல் பெயராக வர வேண்டும் என்று செய்த குறும்பு. உன் ஒர்க்‌ஷாப் அதில் மாட்டும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சாமான் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு, மரத்துப்பாக்கியை உன் நைனாவிடம் “சார் கேட்டார்” என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டு, ஏழாம் வகுப்பு படிக்கிற என் தங்கை மீனாவைப் பென்சிலோடு சுவர் ஓரம் நிறுத்தினேன். வட்டப் படத்தை அரை அடி தள்ளி ஒட்டச் சொன்னேன். பழையபடி படுத்து ஐந்து தடவை இழுத்தேன்.

“அண்ணா, படத்துல ஒண்ணுகூடப் படல,” என்றாள் மீனா. “எல்லாம் வெறும் சுவத்துல. ஆனா அஞ்சும் ஒரே எடத்துல.”

பழைய படத்தின் நடுவட்டம் இருந்த இடத்தில்.

அப்புறம் குழியை விட்டு நகர்ந்து, உங்களை மாதிரி ஒழுங்காகக் குறி பார்த்து, மூன்று முறை சுட்டேன். மீனா ஈவு இரக்கம் இல்லாதவள். சராசரி 21. அதில் மற்றவர்களுக்குப் போன மாதிரி ஒரு ஒன்பதைக் கழியுங்கள். 12.

ஹவில்தார் ஐயா, உறையில் என் பெயருக்கு நேரே 50-ஐ அடித்துவிட்டு 21 என்று போட்டுப் பாருங்கள். குமரேசனுக்குக் கீழே, கடைசி ஆளாக வருவேன். பன்னிரண்டு பேரையும் மரத்துப்பாக்கி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. என்னை அதனிடம் நான் காட்டவில்லை. தயவுசெய்து இன்றைக்கே தேரடித் தெருக் கடைக்குப் போய் அவன் நைனாவிடம் பேசுங்கள். சார், அந்தக் கடப்பைக்கல்லை நானே சிமெண்டு வைத்துப் பூசிவிடுகிறேன். அடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கையும் வேண்டும்.

தாமு, இதை நேரில் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை உன் கடை வாசல் வரை வந்தேன். முதல் தடவை திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை உன் நைனா “இன்னா வேணும்?” என்று கேட்டதும் வாய் தவறி டார்ச் செல் இரண்டு வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவது தடவைதான் மரத்துப்பாக்கி கேட்டேன். சாக்கில் சுற்றிய மரத்துப்பாக்கியோடு அந்தச் செல்களையும் உன் பெஞ்சில் வைத்திருக்கிறேன், அதற்குப் போட்டுக்கொள்.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. மூன்று ஐம்பதில் இரண்டை நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுட்டேன். திறந்து வைத்தால்தான் எனக்கு இருபத்தொன்று.